உடம்பு பெருத்த ஆள் ஓடத் தொடங்கிறதெண்டால் எது சரி: நேர ஓட்டமா, நடையா, ரெண்டையும் கலந்தா, சைக்கிளா?

புதுக்குடியிருப்பில இருக்கிற என்ர மச்சாள் ரெண்டு மாசத்துக்கு முதல் கோல் எடுத்துக் கேட்டவ, "மச்சாள், நான் இப்ப 112 கிலோ நிக்கிறன், ஓடத் தொடங்கலாமோ, இல்லாட்டி முதல் மெலிஞ்சிட்டுத்தான் ஓடோணுமோ?" அரை மணித்தியாலம் கதைச்சும் சொல்லி முடியேல்ல. ஏனெண்டா இதில ஒரு வழிதான் எண்டில்ல, நாலைஞ்சு வழி இருக்கு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு ஆளுக்குச் சரிவரும், அதுவும் வன்னியில இருந்துகொண்டு செய்யிறதெண்டா கொழும்பில பார்க்குக்குள்ள ஓடுற ஆக்களுக்குச் சொல்றது அப்பிடியே எங்களுக்குப் பொருந்தாது. அதால வடிவா யோசிச்சு எழுதுறன், அவவைப் போல யோசிச்சுக்கொண்டிருக்கிற மற்ற ஆக்களுக்கும் உதவும்.

எனக்கு 38 வயசு, கிளிநொச்சியில கந்தோர் வேலை, விடிஞ்சா பொழுதுபட்டா கதிரைதான். தொடங்கேக்க 98 கிலோ, உயரம் 156 சென்ரிமீற்றர், உயரத்துக்கு நிறை எப்பிடி எண்டு பாக்கிற பிஎம்ஐ கணக்குப் பாத்தா 40. எங்கட ஆசிய ஆக்களுக்கு 23 தாண்டினாலே கவனிக்கோணும், 27.5 தாண்டினா சீனி வருத்தம், இருதய வருத்தத்துக்கான ஆபத்து நல்லாக் கூட எண்டு உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுது, அப்ப நான் எங்க நிண்டனான் எண்டு நீங்களே பாருங்கோ.

எந்த வழியைப் பாத்தாலும் நான் ஒரு கேள்வியாலதான் அளக்கிறன். இண்டைக்குச் செய்ததை நாளையிண்டைக்கும் செய்ய ஏலுமோ? எத்தினை கிலோமீற்றர், எத்தினை கலோரி எல்லாம் பேந்து பாக்கலாம். ஏன் இந்தக் கேள்வி எண்டா, மூச்சும் நெஞ்சும் கெதியாப் பழகீடும், நாலைஞ்சு கிழமையிலயே வித்தியாசம் தெரியும், ஆனா எலும்பும் தசைநாரும் பழக மாசக்கணக்கு எடுக்கும். மூச்சு "ஓடலாம்" எண்டு சொல்லேக்க முழங்கால் இன்னும் ரெடியில்ல, அந்த இடைவெளிக்குள்ளதான் எல்லாரும் காலை நோவாக்கிறது. நடக்கேக்க ஒவ்வொரு அடிக்கும் எங்கட பாரத்தை விடக் கொஞ்சம் கூடத்தான் காலுக்கு வரும், ஓடேக்க அது ரெண்டு தொடக்கம் மூண்டு மடங்கு. 98 கிலோவில நான் ஓடினா ஒரு காலில ஒரு தரம் விழுறது 200 கிலோவுக்குக் கிட்ட, இல்லாட்டி அதுக்கும் மேல. இதை விளங்கிக்கொண்டா மிச்சமெல்லாம் தானா விளங்கும்.

முதலாவது, நேர ஓடத் தொடங்கிறது. நான் செய்த பிழை இதுதான். வட்டக்கச்சிப் பக்கம் எங்கட வீட்டுப் படலையில இருந்து வாய்க்கால் மதகு வரைக்கும் ஒரு 300 மீற்றர் இருக்கும், ஒரு நாள் விடிய வெளிக்கிட்டு, பள்ளிக்கூடத்தில ஓடின நினைப்பில, அந்த வேகத்திலயே ஓடினன். மதகுக் கட்டில கையை ஊண்டிக்கொண்டு நிக்கேக்க காதுக்குள்ள இரத்தம் அடிக்கிற சத்தம் கேட்டுது, ஆனா சந்தோசமாத்தான் இருந்தது, அதால அடுத்த நாளும் ஓடினன், அதுக்கு அடுத்த நாளும் ஓடினன். நாலாம் நாள் கந்தோர்ப் படி இறங்கேக்க கெண்டைக்கு முன்பக்கத்து எலும்பு ரெண்டும், உள்பக்கமா, விரலால அமத்தினா உயிர் போற நோ. மூண்டு கிழமை ஒண்டும் செய்யேல்ல. அந்த மூண்டு கிழமையில போன மனம் திரும்பி வர ரெண்டு மாசம் எடுத்தது, அதுதான் பெரிய நட்டம்.

டென்மார்க்கில புதுசா ஓடத் தொடங்கின ஆக்களை வைச்சுச் செய்த ஒரு ஆய்வு 2014ல வந்தது, பிஎம்ஐ 30க்கு மேல உள்ள ஆக்கள் முதல் கிழமையில மொத்தமா 3 கிலோமீற்றருக்கு மேல ஓடினா காயம் வாற வாய்ப்புக் கூடுற மாதிரி இருக்கு எண்டு அதில சொல்லியிருக்கினம். கிழமைக்கு மொத்தமா மூண்டு, ஒரு நாளைக்கில்ல. முந்தி நல்லா விளையாடி, பேந்து நிறை கூடின பெடியள் சில பேருக்கு நேர ஓட்டம் சரிவந்திருக்கு, இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா மச்சாளுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டன்.

ரெண்டாவது, நடை மட்டும். "சும்மா நடக்கிறதால என்ன வரப்போகுது" எண்டு கனபேர் நினைக்கினம், அது பிழை. கிழமைக்கு 150 நிமிசம் கொஞ்சம் மூச்சு வாங்கிற மாதிரி நடந்தாலே உடம்புக்குக் காணும் எண்டுதான் உலக சுகாதார ஸ்தாபனமும் சொல்லுது, எங்கட நிறையில அந்த நடையே பெரிய வேலை, மற்ற ஆக்களுக்கு ஓட்டம் குடுக்கிற களைப்பை எங்களுக்கு வேகமான நடையே குடுத்திடும். ஆனா அது கதைச்சுக்கொண்டு கையை ஆட்டிப்போற கோயில் நடை இல்ல. பஸ் ஸ்ராண்டில வெளிக்கிட நிக்கிற பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி நடக்கோணும், கதைக்க ஏலும், ஆனா பாட ஏலாது, அந்தளவு. முழங்கால் தேய்வு இருக்கிற, நிறை கூடின வயசான ஆக்களை வைச்சுச் செய்த ஒரு ஆய்வில ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில நாலு கிலோ பாரம் குறையுது எண்டு கண்டிருக்கினம். அப்ப நடந்தும் சாப்பாட்டைக் கவனிச்சும் 5 கிலோ இறக்கினா ஒவ்வொரு அடிக்கும் 20 கிலோ. ஓடத் தொடங்க முதல் முழங்காலுக்கு நாங்கள் குடுக்கக்கூடிய ஆகப் பெரிய உதவி அதுதான். (சாப்பாடு வேற பெரிய கதை, இங்க வேண்டாம், ஆனா ஓடினா மட்டும் மெலியலாம் எண்டு நினைச்சா ஏமாந்துபோவியள், சோத்துக் கோப்பையிலதான் பாதிக்கு மேல இருக்கு.)

நடையில உள்ள குறை, ஓட ஆசைப்பட்ட மனம் நடையில நிக்காது. எனக்கு ஆறாம் கிழமையில சலிச்சுப்போச்சு. அந்த நேரம் அடுத்த கட்டம் எண்டு ஒண்டு இல்லாட்டி மெல்ல மெல்ல விட்டிடுவம்.

மூண்டாவது, நடையும் ஓட்டமும் கலந்து செய்யிறது. இதிலயே ரெண்டு வகை இருக்கு, வித்தியாசம் தெரியாமத்தான் கனபேர் இடையில விடுகினம். ஒண்டு கௌச் டு பைவ் கே, ஓடியே பழகாத ஆளை 5 கிலோமீற்றர் ஓட வைக்கிறது. ஜோஷ் கிளார்க் எண்ட அமெரிக்கர் 1996ல எழுதின திட்டம், 9 கிழமை, கிழமைக்கு 3 நாள், முதல் கிழமை 5 நிமிசம் வேகமா நடந்திட்டு 60 செக்கன் ஓட்டம் 90 செக்கன் நடை எண்டு 20 நிமிசம். போனில இலவசமா அப் இருக்கு, அது "இப்ப ஓடு, இப்ப நட" எண்டு சொல்லிக்கொண்டு வரும். நல்ல திட்டம்தான். ஆனா அஞ்சாம் கிழமை மூண்டாம் நாளைப் பாருங்கோ, அதுக்கு முந்தின ஓட்டத்தில 8 நிமிசம் ஓடின ஆளை அண்டைக்கு 20 நிமிசம் நிப்பாட்டாம ஓடச் சொல்லும். மெலிஞ்ச உடம்புக்கு அது மனப்பயம் மட்டும், 100 கிலோ உடம்புக்கு அது காலுக்கு உண்மையான பாய்ச்சல். அந்த நாளில கனபேர் தோத்த மாதிரி நினைச்சு விட்டிடுகினம், பிழை அவையில இல்ல, அந்தத் திட்டத்தை எழுதேக்க எங்கட நிறையை வைச்சு எழுதேல்ல.

மற்றது ஜெஃப் கலோவே எண்டவற்ற முறை. 1972 ஒலிம்பிக்கில அமெரிக்காவுக்கு ஓடினவர், 1974 தொடக்கம் புதுசா ஓட வாற ஆக்களுக்கு நடையையும் ஓட்டத்தையும் கலந்து பழக்கினவர். இதில நடை எண்டது ஏலாம நிக்கிறதில்ல, களைக்க முதலே எடுக்கிற ஓய்வு. 15 செக்கன் ஓட்டம் 45 செக்கன் நடை எண்டும் தொடங்கலாம், அதைக் கடைசி வரைக்கும் அப்பிடியே வைச்சிருந்தாலும் ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது, மரதன் கூட இப்பிடி ஓடுற ஆக்கள் இருக்கினம். என்ர அனுபவத்தில எங்கட நிறைக்கு இதுதான் பொருத்தம். 15 செக்கன் எண்டா ஒரு 20, 25 மீற்றர், ரெண்டு லைற் போஸ்ருக்கு இடையில பாதி கூட இல்ல. கால் நோகத் தொடங்க முதலே நடை வந்திடும்.

ஓடுற விதத்தையும் சொல்லோணும். கிரவலில உங்கட சப்பாத்துச் சத்தத்தைக் கேளுங்கோ. "டொம், டொம்" எண்டு கேட்டா அடி நீளம், குதிக்கால் முன்னுக்குப் போய் குத்துது. அடியைச் சின்னனாக்கி, கால் உடம்புக்குக் கீழ விழுற மாதிரி வைச்சா சத்தம் "சறுக், சறுக்" எண்டு மெல்லிசா வரும். வேகம் கூட வேண்டாம், பக்கத்தில நடக்கிற ஆளை விடக் கொஞ்சம் கெதியா இருந்தாக் காணும். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ரெண்டு கிழமை, கண்டுபிடிச்ச பிறகு முன்னெலும்பு நோ திரும்பி வரவே இல்ல. எங்கட பக்கத்து வீட்டு மாமி நடை மட்டும்தான், நான் 15 செக்கன் முன்னுக்கு ஓடீட்டு அவவிட்டத் திரும்பி நடந்து வருவன், திருப்பி ஓடுவன், ரெண்டு பேரும் ஒண்டாப் போய் ஒண்டா வருவம், இது ஒரு ஆளோட வெளிக்கிடுறதுக்கு நல்ல வழி.

நாலாவது சைக்கிள். எங்கட பக்கத்தில வீட்டுக்கு ஒரு லுமாலா சைக்கிளாவது நிக்கும், புதுசா ஒண்டும் வாங்கத் தேவையில்ல, பாரம் முழுக்க சீற்றில, முழங்காலுக்கு அடி இல்ல. முழங்கால் தேய்வு எண்டு டொக்டர் சொன்ன ஆக்களுக்கும், 130, 140 கிலோவில நிக்கிற ஆக்களுக்கும் முதல் மூண்டு மாசத்துக்கு நடையை விட இது திறம். இன்னொண்டு, வன்னியில இதைச் சொல்லாம விடேலாது, சண்டையில பட்ட செல் பீஸ் காலுக்க இன்னும் கிடக்கிற ஆக்கள், எலும்பு முறிஞ்சு பிளேற் வைச்ச ஆக்கள், ஒரு கால் கட்டையான ஆக்கள் எங்கட ஊருகளில கனபேர். உடம்பு பெருத்ததுக்கே அந்தக் காயம்தான் காரணமா இருக்கிற ஆக்களும் இருக்கினம், ஓடி விளையாடித் திரிஞ்ச பிள்ளை 2009க்குப் பிறகு இருந்த இடத்தில இருந்தா வேற என்ன நடக்கும். அவை ஓட்டத்தை நினைச்சு மனம் உடையவே கூடாது, எக்ஸ்ரே எடுத்து எலும்பு டொக்டரிட்டக் காட்டிக் கேட்டிட்டு சைக்கிளில தொடங்கட்டும், நெஞ்சுக்கும் சீனிக்கும் கிடைக்கிறது அதே நன்மைதான். குறை எண்டா, சைக்கிளில எலும்பு ஓட்டத்துக்குப் பழகாது, ஆறு மாசம் உழக்கீட்டு நேர ஓடப் போனா மூச்சு நிண்டு பிடிக்கும் கால் பிடிக்காது, அப்பவும் 15 செக்கனில இருந்துதான் தொடங்கோணும்.

டிரெட்மில் பற்றிக் கேப்பினம். ரவுணில ஜிம் இருக்கு, மாசக் காசும் போய்வாற செலவும் கட்டுமெண்டா மழைக்காலத்துக்கு நல்லது, ஏற முதல் அந்த மெசின் எத்தினை கிலோ தாங்கும் எண்டு கேளுங்கோ. நீந்திறது காலுக்கு ஆக நல்லது, ஆனா எங்கட குளங்களில முதலை இருக்கு, சேறு இருக்கு, வேண்டாம்.

இனி எங்க ஓடுறது, இதிலதான் எங்கட இடம் வேற. ஏ9 பெருந்தெருக் கரை வடிவான தார், ஆனா டிப்பரும் யாழ்ப்பாணம் கொழும்பு பஸ்ஸும் விடியப்புறத்தில வாற வரத்துக்கு நான் அதில ஓடவே சொல்ல மாட்டன், வேற வழி இல்லையெண்டா வலப்பக்கத்தால, வாற வாகனத்தைப் பாத்துக்கொண்டு போங்கோ. முல்லைத்தீவுக் கடற்கரை மச்சாளுக்குக் கிட்ட, பாக்க ஆசையாத்தான் இருக்கும், காஞ்ச மணலில ஓடினா கெண்டையும் குதிக்கால் நரம்பும் இழுத்து வைச்சிடும், ஈர மணல் இறுக்கம், ஆனா கடல் பக்கம் சரிவு, ஒரு காலுக்கே பாரம் போகும், காலமையில கரைவலைக் கயிறு வேற குறுக்க கிடக்கும். அங்க நடக்கலாம், ஓட வேண்டாம். இரணைமடுக் குளக்கட்டு தட்டை, காத்து நல்லது, ஆனா மாரியில குளம் 36 அடி வந்து கதவு திறக்கிற நாளுகளில சனமும் மோட்டச்சைக்கிளுமா நிறைஞ்சிடும்.

எனக்குப் பிடிச்சது வாய்க்கால் கரை கிரவல் றோட்டு. தாரை விட மெத்து, ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயல், வாகனம் எண்டா ரக்ரர் ஒண்டு ரெண்டு. ஆனா ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் மழை பெஞ்சா கிரவல் அரிச்சுக் குழி, வயல் பக்கம் இறங்கினா களி சப்பாத்தில ஒட்டிக் கால் தூக்கேலாது, அந்த மாசங்களில பள்ளிக்கூட கிரவுண்டோ ஊர் விளையாட்டுக்கழக கிரவுண்டோ கேட்டுப் பாருங்கோ. கிரவுண்டில இன்னொரு நன்மை, ஏலாமப் போனா உடன நிப்பாட்டலாம், வீட்டை வர ரெண்டு கிலோமீற்றர் நொண்டத் தேவையில்ல. வைகாசியில இருந்து சோளகம் அடிக்கேக்க வயல்வெளியில எதிர்க்காத்து ஆளைத் தள்ளும், போகேக்க காத்துக்கு முகம் குடுத்துப் போங்கோ, வரேக்க காத்தே கொண்டுவரும். பற்றைக்குள்ளால குறுக்குவழி பாக்க வேண்டாம், முகமாலைப் பக்கம் போல இன்னும் கண்ணிவெடி எண்டு சிவப்பு மண்டையோட்டுப் போர்ட் நிக்கிற இடங்களில சொல்லவே வேண்டாம். ஒட்டுசுட்டான், மாங்குளம் உள்பக்கத்து ஆக்கள் யானைக்குப் பயந்து நல்லா வெளிச்ச பிறகுதான் வெளிக்கிடோணும். நாய் கலைச்சா ஓடாதேங்கோ, நிண்டு, குனிஞ்சு கல்லெடுக்கிற மாதிரிச் செய்திட்டு மெல்ல நடவுங்கோ, கடிச்சா 15 நிமிசம் சவுக்காரம் போட்டுக் கழுவீட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரி.

நேரம், காலமை 5.15 தொடக்கம் 6.30. பின்னேரம் நாலரைக்கு றோட்டே சூட்டை வெளியில விடும், பெருத்த உடம்பு சூட்டைக் கெதியா வெளியேத்தாது, எங்களுக்கு 33, 34 பாகைக்குள்ள ஓடுறது ஆபத்து.

பெட்டையளுக்கும் பெண்டுகளுக்கும் ஒண்டு. முதல் கிழமை எல்லாரும் பாப்பினம், படலையில நிண்டு "எங்க பிள்ளை அவசரமாப் போறாய்" எண்டு கேப்பினம், ரெண்டாம் கிழமை ஒண்டு ரெண்டு பேர், மூண்டாம் கிழமை ஒருத்தரும் பாக்கிறேல்ல. முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 72 வயசில, 2023ல, பிலிப்பைன்ஸுக்குப் போய் மூத்தோர் தடகளத்தில தங்கம் எடுத்துக்கொண்டு வந்தவ, எங்கட மண்ணில பொம்பிளை ஓடுறது புதினம் இல்ல எண்டு அவ காட்டீட்டா. நல்ல இறுக்கமான ஸ்போட்ஸ் பிரா ஒண்டுக்குக் காசு பாக்காதேங்கோ, சப்பாத்துக்கு அடுத்தது அதுதான். தொடை உரசிப் புண்ணாகிறது எங்களுக்குத்தான் தெரிஞ்ச வேதனை, குளிக்கேக்க தண்ணி பட்டா நெருப்பு, அதுக்கு முழங்கால் வரைக்கும் வாற இறுக்கமான கால்சட்டை உள்ளுக்குப் போட்டு மேல பாவாடையோ நீள ரீசேட்டோ போடலாம், வெளிக்கிட முதல் உள்தொடையில வாசலீன் தடவுங்கோ. தனிப் பருத்தித் துணி வேர்வையில ஊறி இன்னும் உரசும்.

சப்பாத்து, விலை கூடினதெண்டு இல்ல, அடி மெத்தையா, குதிக்காலில ஆடாம, பெருவிரலுக்கு முன்னால ஒரு விரல்அகலம் இடம் விட்டு, பின்னேரம் கால் வீங்கியிருக்கிற நேரத்தில போட்டுப் பாத்து வாங்குங்கோ. பள்ளிக்கூட வெள்ளைக் கன்வஸ் எங்கட பாரத்துக்குச் சரிவராது.

எந்த வழியெண்டாலும் தொடங்க முதல் ஒருக்காப் பிறஷரும் சீனியும் பாக்கோணும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்ரர் எண்டு 35 வயசுக்கு மேல உள்ள ஆக்களுக்கு காசில்லாமப் பாக்கினம், நான் அங்கதான் போனனான், பிறஷர் கூட எண்டு குளிசை தந்து ரெண்டு கிழமை நடை மட்டும் எண்டு சொன்னவை. இன்சுலின் போடுற ஆக்கள், கிளிக்ளசைட் எண்ட சீனி வருத்தக் குளிசை குடிக்கிற ஆக்கள் பொக்கற்றில ரொஃபி ரெண்டு கட்டாயம் வைச்சிருங்கோ, நடுங்கி வேர்த்தா உடன வாயில போடோணும். நெஞ்சு இறுக்கினா, தாடைக்கோ இடக்கைக்கோ நோ இழுத்தா, தலை சுத்தினா, ஓட்டத்தை உடன நிப்பாட்டிப்போட்டு 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.

அப்ப என்ர முடிவு. 90க்கும் 120க்கும் இடையில நிண்டு முழங்கால் சுகமான ஆளெண்டா, ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை வேக நடை, 40 நிமிசம் நடந்து அடுத்த நாள் காலமை கட்டிலால இறங்கேக்க முழங்காலும் குதிக்காலும் ஒண்டும் சொல்லாட்டி, கிழமைக்கு மூண்டு நாள், நாள் விட்டு நாள், 15 செக்கன் 45 செக்கன். மூண்டு தரம் நோவில்லாமப் போனா அடுத்தது 20, பேந்து 30. நோ இருந்தா அதே கிழமையைத் திருப்பிச் செய்யுங்கோ, நான் ஒரு கிழமையை நாலு தரம் திருப்பினனான். இந்தளவுக்கு வர எனக்கு 26 கிழமை எடுத்தது, இப்ப 91 கிலோ, ரெண்டு நிமிசம் ஓட்டம் ஒரு நிமிசம் நடை, மதகு தாண்டி அடுத்த மதகும் தாண்டிப் போறன்.

மச்சாளுக்கு முழங்கால் கொஞ்சம் சத்தம் போடுறதால சைக்கிள் மூண்டு நாளும் நடை ரெண்டு நாளும் எண்டு தொடங்கினம், ஓட்டத்துக்கு அவசரப்பட வேண்டாம் எண்டுதான் சொன்னனான். போன வியாழக்கிழமை கோல் எடுத்தவ. கிரவுண்டில ஆரும் இல்லாத நேரம் பாத்து 15 செக்கன் ஓடிப் பாத்தவவாம், மூண்டே மூண்டு தரம். அடுத்த நாள் காலமை எழும்பி முதல் வேலையா முழங்காலை மடக்கி நீட்டிப் பாத்தவவாம், நோ இல்லையாம். "சனிக்கிழமையும் போறன் மச்சாள்" எண்டவ.